விட்டுக்கொடுக்கும் சக்கரம்

தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பட்டு ஓவியம் இருக்கிறது. சுமார் 1195இல் சீன ஓவியர் மா யுவான் தீட்டியது என்பார்கள். பரந்த நீர், நடுவே சிறு படகு, அதில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர். அவர் கைக்கோலில் சின்னஞ்சிறு சக்கரம். மீன்பிடி ரீலுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சாட்சிகளில் இதுவும் ஒன்று. அந்தச் சக்கரத்துக்கு நூலைச் சுற்றி வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இன்று சூரை மீனுக்கும் பாறை மீனுக்கும் கடலில் இறங்கும் ரீலின் உயிரோ, இழுத்தோடும் மீனுக்கு எவ்வளவு நூலை எப்படி விடுவது என்று தீர்மானிக்கும் தடையில் இருக்கிறது. தூண்டில்காரர்கள் அதை டிராக் என்பார்கள். அது உருப்பெற இன்னும் 700 ஆண்டுகள் பிடித்தன.

ஆங்கிலத்தில் ரீலை அச்சில் ஏற்றியவர் தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரர். தூண்டில் பற்றிய அவருடைய புத்தகம் 1651இல் வெளிவந்தது. அடுத்த நூற்றாண்டில், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும் பல்சக்கர ரீல்கள் லண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அந்தப் பற்களுக்கு உண்மையான நேர்த்தியைக் கொடுத்தவர்கள் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் 1820 வாக்கில் தம் பட்டறைக் கருவிகளால் ரீல் செய்யத் தொடங்கினார். அவரைப் பின்பற்றி மீக் சகோதரர்களும் அதே மாநிலத்தில் இறங்க, ரீல் கைக்கடிகாரத்துக்கு நிகரான நுட்பம் பெற்றது.

ஆனால் அது ஆற்றுமீனுக்குப் போதுமான நுட்பம். 1885இல் நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். உட் என்பவர் புளோரிடாவில் 42 கிலோ எடையுள்ள டார்பன் மீனை ராடும் ரீலும் கொண்டு பிடித்த செய்தி பரவியதும், வசதி படைத்தோர் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குத் திரும்பினார்கள். 1898இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே சார்லஸ் ஹோல்டர் 83 கிலோ சூரையை மணிக்கணக்கில் போராடிப் பிடித்தார். அதே ஆண்டு அங்கே டியூனா கிளப் என்ற தூண்டில்காரர் சங்கம் பிறந்தது. அந்நாளைய ரீலில் தடை என்பது, உருளைமேல் கட்டைவிரலால் அழுத்தப்படும் ஒரு தோல் துண்டு. மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். விரல் மூட்டுகள் உடைவது சாதாரணம்.

தீர்வும் கேட்டலினாவிலேயே முளைத்தது. வில்லியம் பாஷன் என்ற தூண்டில்காரர் தந்த யோசனையை ஜூலியஸ் வாம் ஹோஃப் என்ற ரீல் தயாரிப்பாளர் பொருளாக்கினார். பல்சக்கரத்துக்குள் தோல், உலோகம் என மாறி மாறி வில்லைகள். வெளியே நட்சத்திர வடிவத் திருகு. திருகை முடுக்கினால் வில்லைகள் நெருங்கி இறுக்கம் கூடும். மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடினாலும் கைப்பிடி அசையாது. 1913இல் அத்தகைய ரீலைக் கொண்டு பாஷன் சுமார் 160 கிலோ வாள்மீனைப் பிடித்தார். ராடும் ரீலும் கொண்டு பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அதுதான்.

பிறகு நகலெடுப்போர் காலம். நட்சத்திரத் திருகு இல்லாத கடல் ரீலே இல்லை என்றாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்சே 1932இல் பிலடெல்பியாவில் பென் நிறுவனத்தைத் தொடங்கி, செல்வந்தர் கருவியைச் சாதாரண உழைப்பாளியின் கைக்கும் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் மியாமியின் ஃபின்-நார் பட்டறை, உருளையின் பக்கவாட்டு அளவுக்கே பெரிய தட்டைத் தடையாக வைத்தது. பரப்பு பெருகியதால் சூடு பரவி அடங்கியது. 1953இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் ஆல்பிரட் கிளாசெல் 707 கிலோ கருப்பு மார்லின் மீனை ஏற்றினார். அந்த எடைச் சாதனை இன்னும் முறியவில்லை.

இதற்கிடையே வேறொரு கிளை ஐரோப்பிய நெசவாலையில் துளிர்த்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு துணி உற்பத்தியாளர் ஆல்பிரட் இல்லிங்வொர்த், தறிக்கு நூல் கழலும் கண்டைப் பார்த்து, உருளை சுழலாமலே நூல் கழலும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்பின்னிங் ரீலின் பாட்டன் அது. பிரான்சின் கடிகார ஊரான குளூஸ் அதிலிருந்து மிட்செல் ரீலை உருவாக்கியது. சுவீடனில் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்த அபு நிறுவனம், இரண்டாம் உலகப் போரால் சந்தை வற்றியதும் ரீலுக்கு மாறியது.

மிக நீண்ட சுற்று ஜப்பானின் சகாய் நகரத்துடையது. 1543இல் போர்த்துகீசியர் ஜப்பானுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியைப் பார்த்துச் செய்யக் கற்ற கொல்லர் ஊர் அது. துப்பாக்கிக் காலம் முடிந்ததும் அந்தக் கைத்திறன் சைக்கிளுக்குத் தாவியது. 1921இல் ஷோசபுரோ ஷிமானோ அங்கே சைக்கிள் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கினார். ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் பூட்டிக்கொள்ளும் அந்த ஏற்பாடுதான், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் காக்க ரீலுக்கும் வேண்டியது. 1970இல் ஷிமானோ மீன்பிடிக் கருவிகளில் கால்வைத்தது தற்செயல்போலத் தோன்றினாலும், கைக்குப் பழகிய வேலைதான்.

நூலும் மாறியது. பட்டு, லினன் போய்த் தங்கூசி வந்தது; 1990களில் பின்னல் நூல் பரவியது. தங்கூசி ரப்பர்போல நீண்டு, டிராக்கின் குலுக்கலை மறைத்துவிடும். பின்னல் நூல் நீளாது. டிராக் சிறிதே சிக்கினாலும் நூல் அறும் அல்லது தூண்டில் முள் கழன்றுவிடும். அதனால் தோல் வில்லைகளின் இடத்தில் கார்பன் இழை வில்லைகள் வந்து அமர்ந்தன.

இத்தனை தொழில்களும் விட்டுச்சென்ற சீதனத்தைச் சோதிப்பதுதான் நல்ல ரீலைத் தேர்ந்தெடுப்பது. பெட்டிமேல் அச்சிட்ட அதிகபட்ச டிராக் எண்ணில் மயங்க வேண்டாம். நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் வழக்கமாக வைப்பது. 24 கிலோ நூலுக்கு 6 முதல் 8 கிலோ. ஸ்பிரிங் தராசை நூலில் கட்டி இழுத்துப் பாருங்கள். நின்ற உருளை அசையத் தொடங்கும்போது காட்டும் எடைக்கும், ஓடும்போது காட்டும் எடைக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் வில்லைகள் சூடேறிய நிலையிலும் அந்த அளவு மாறக் கூடாது. உருளையில் நூல் குறைந்து சுற்றின் விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலே இழுவை இருமடங்காகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு உடல்கட்டு. பாரத்தில் சட்டகம் வளைந்தால் பற்கள் விலகித் தேயும். அலுமினியமும் துருப்பிடிக்கா எஃகும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்வேதி அரிப்பில் அலுமினியம்தான் கரையும். ஆகவே திருகுகளின் பூச்சும், தண்ணீர் புகாத அடைப்புகளும், பேரிங்குகளின் தரமும் பளபளப்பைவிட முக்கியம். மீனைக் கரை சேர்ப்பது ரீல் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதல்ல, எவ்வளவு சீராக விட்டுக்கொடுக்கிறது என்பதே. கடைக்காரர் விலையைச் சொல்லும் முன்பே தராசு அதைச் சொல்லிவிடும்.