பெயர் சொன்ன கட்டுரையும் பெயர் சொல்லாத நாவலும்

1906 மார்ச்சில் அமெரிக்காவின் 'காஸ்மோபாலிட்டன்' இதழில் 'செனட்டின் துரோகம்' என்ற தொடர் தொடங்கியது. இன்று பெண்களுக்கான நாகரிக இதழாக அறியப்படும் அதே பத்திரிகைதான். அன்று அது பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் கையில் இருந்தது. எழுதியவர் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ், வயது 38. முதல் கட்டுரையிலேயே நியூயார்க் செனட்டர் சான்சி டெப்யூ அகப்பட்டுக்கொண்டார். வாண்டர்பில்ட் குடும்பத்து ரயில்வேயின் நிர்வாகக் குழுத் தலைவராகவும் இருந்தவர் அவர். ஈக்விடபிள் காப்பீட்டுக் கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுத்துவந்த சங்கதி, முந்தைய ஆண்டு நடந்த விசாரணையிலேயே அம்பலமாகியிருந்தது. பிலிப்ஸ் புதிதாகத் தோண்டியெடுத்தது குறைவு. அங்குமிங்கும் சிதறிக் கிடந்ததை ஒன்றாகக் கோத்து, செனட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் படியளப்பது யார் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் சுட்டது.

அடுத்து ரோட் ஐலண்டின் நெல்சன் ஆல்ட்ரிச். செனட்டை உண்மையில் நடத்தியவர் அவர்தான். அவருடைய மகளை மணந்தவர் எண்ணெய் அதிபர் ராக்பெல்லரின் மகன். இப்படி நவம்பர் வரை ஒன்பது கட்டுரைகள். தகவல் திரட்டித் தந்தவர்களில் கஸ்டவஸ் மையர்ஸ் முக்கியமானவர். அக்காலத்தில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. நம் மாநிலங்களவைக்கு இன்றும் ஏறக்குறைய அதே வழிதான். சட்டமன்றத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு செனட்டர் பதவி கைக்கெட்டும் பொருள்.

ஏப்ரல் 14 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பதிலடி கொடுத்தார். ஜான் பனியனின் 'மோட்சப் பயணம்' நூலில், தலைக்கு மேலே நீட்டப்படும் கிரீடத்தை ஏறிட்டும் பாராமல் தரையிலுள்ள குப்பையையே கிளறிக்கொண்டிருப்பவன் ஒருவன் வருவான். ஊழலைத் தோண்டும் எழுத்தாளர்களை ரூஸ்வெல்ட் அவனுக்கு ஒப்பிட்டார். 'குப்பை கிளறுபவர்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சகாக்கள் சிலர் அதையே விருதாகச் சூடிக்கொண்டார்கள். பிலிப்ஸுக்கு மட்டும் அது உள்ளூர வலித்தது. இந்தத் தொடருக்குப் பிறகு அவர் இந்த வகைக் கட்டுரைப் போரில் இறங்கவில்லை. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த 17ஆவது திருத்தம் 1913இல் வந்தது. அதற்கான கோரிக்கை அவருக்கு முன்பே பல ஆண்டுகளாக எழுந்துகொண்டிருந்தது; முழுப் புகழையும் அவருக்கே எழுதிவைப்பது மிகை. சூட்டைக் கிளப்பியவர்களில் அவர் முதல் வரிசை, அவ்வளவுதான்.

பிலிப்ஸ் 1867இல் இந்தியானா மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரை ஊரான மேடிசனில் பிறந்தார். தந்தை வங்கியாளர். முதலில் படித்த கல்லூரியில் அறைத்தோழராக இருந்த ஆல்பர்ட் பெவரிட்ஜ் பின்னாளில் தாமே செனட்டரானது தனி வேடிக்கை. பிரின்ஸ்டனில் 1887இல் பட்டம், சின்சினாட்டியில் நிருபர் வேலை, பிறகு நியூயார்க்கின் 'சன்', அதன்பின் புலிட்சரின் 'வேர்ல்ட்'. 1901இல் புனைபெயரில் முதல் நாவல் வெளிவந்தது: வெற்றியைத் தேடி மனசாட்சியை விற்கும் ஒரு பத்திரிகைக்காரனின் கதை. அடுத்த ஆண்டே வேலையை உதறிவிட்டார்.

அதன்பின் எழுத்துதான் வாழ்வு. உயரமான மேசைமுன் நின்றுகொண்டே பென்சிலால் இரவெல்லாம் எழுதுவார். உடையிலோ பெரிய மிடுக்கர். கோட்டில் செவ்வந்திப் பூ இல்லாமல் வெளியே வரமாட்டார். பத்தாண்டில் எழுதிக் குவித்தவை 20 நாவல்களுக்கு மேல். வேகத்தின் வடுக்கள் எல்லாவற்றிலும் உண்டு. பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையங்கம் வாசிப்பார்கள். முடிவுகள் அவசரமாகக் கட்டப்பட்டிருக்கும்.

இருந்தும் 1905இல் வந்த 'தி பிளம் ட்ரீ'யைத் தள்ளிவிட முடியாது. கதைசொல்லி ஹார்வி செய்லர் ஓர் அரசியல் தரகன். கம்பெனிகள் தனித்தனியாக லஞ்சம் கொடுத்து ஏமாறுவதைப் பார்க்கிறான். எல்லோரும் ஆண்டுதோறும் ஒரே நிதியில் பணம் போடட்டும், சட்டமன்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்பாடு செய்கிறான். கொள்ளை ஒழுங்கான அலுவலகமாக மாறும் அந்தப் பக்கங்களில் வெறுப்போ கூச்சலோ இல்லை. செய்தவனே நிதானமாகச் சொல்கிறான். 'செனட்டின் துரோகம்' கட்டுரைகளைவிட இதில் நிருபரின் கண் கூர்மையாக இருக்கிறது என்பது என் கருத்து. இதற்காக எந்தத் தலைவரும் பிலிப்ஸைத் திட்டவில்லை. கதைதானே!

ஆனால் பெயர் சொல்லி எழுதியதற்கு ஏச்சோடு தப்பியவரின் உயிரைப் பறித்தது, பெயர் சொல்லாத ஒரு கதை. 1909இல் வந்த 'ஜோஷுவா கிரெய்கின் நாகரிக சாகசங்கள்' என்ற நாவலின் நாயகனில் பெவரிட்ஜின் சாயலைப் பலர் கண்டார்கள். வாஷிங்டனின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்த ஃபிட்ஸ்ஹ்யூ கோல்ட்ஸ்பரோ என்ற வயலின் கலைஞருக்கோ அதில் தம் குடும்பமே தெரிந்தது. தம் சகோதரியைத்தான் இழிவாக எழுதியிருக்கிறார் என்ற பிரமை. 1911 ஜனவரி 23 அன்று, தமக்கு வந்த கடிதங்களை எடுத்துக்கொள்ள கிராமர்சி பூங்காவை ஒட்டிய பிரின்ஸ்டன் கிளப்புக்கு நடந்துபோன பிலிப்ஸை அவர் ஆறு முறை சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் பெல்வியூ மருத்துவமனையில் பிலிப்ஸ் இறந்தார். வயது 43.

அவர் விட்டுச்சென்ற கைப்பிரதிகளில் பெரியது 'சூசன் லெனாக்ஸ்'. முறைதவறிப் பிறந்தவள் என்று ஊர் ஒதுக்கிய பெண்ணை ஒரு குடியானவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் ஓடிப்போகிறாள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், வறுமையில் உடலை விற்கிறாள், கடைசியில் நாடக நடிகையாகிறாள். வாரக் கூலி எவ்வளவு, அதில் வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்று பிலிப்ஸ் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறார். வறுமையையும் விபச்சாரத்தையும் இவ்வளவு கணக்காக இணைத்துக் காட்டிய அமெரிக்க நாவல் அன்று அரிது. 1917இல் நூலானதும் ஒழுக்கக் காவல் சங்கம் பாய்ந்து பல பக்கங்களை வெட்டவைத்தது. 1931இல் கிரெட்டா கார்போ நடிக்கப் படமாகவும் வந்தது. பெயரைத் தவிர நாவலின் காரம் அதில் அதிகமில்லை.

பிலிப்ஸின் நூல்கள் பதிப்புரிமைக் காலம் முடிந்து இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவரைப் படிக்க நினைப்பவர்கள் 'தி பிளம் ட்ரீ'யில் தொடங்கலாம். பிறகு 'சூசன் லெனாக்ஸ்'. எடுக்கும்போது வெட்டுப்படாத பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாவல்களை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடலாம்.