சிறு பரிசலும் பெருமீனும்

ஒருவர் மட்டுமே அமரக்கூடிய குறுகிய படகில், துடுப்பும் தூண்டிலுமாகப் பெருமீன்களைத் தேடிச் செல்வது இன்று வெப்பமண்டலக் கடற்கரைகளில் பலரும் நாடும் விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. கயாக் எனப்படும் அப்படகு வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் படைப்பு. சட்டத்தின்மீது கடல்விலங்கின் தோலை இழுத்துப் போர்த்தி அவர்கள் அதனைச் செய்தனர். உணவு தேடியே அதில் சென்றனர். இன்று நெகிழியால் வார்க்கப்பட்ட கயாக்குகளில் ஏறிச் சூரையையும் மயில்மீனையும் பிடிப்போர் அதனை ஒரு வீரச்செயலாகக் கருதுகின்றனர். வீரம்தான், ஐயமில்லை. ஆயினும் சிறு கலத்தில் அமர்ந்து பெருமீனை எதிர்கொள்வது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று.

நம் கடலோர மக்கள் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் ஏறிச் சென்று, கையால் விடும் தூண்டிற்கயிற்றிலேயே சுறாவைப் பிடித்து வந்தவர்கள். கட்டுமரம் என்ற அவர்களது சொல்லே ஆங்கிலத்தில் கேட்டமரான் எனத் திரிந்து உலகெங்கும் வழங்குகிறது. இஃது அனைவரும் அறிந்த செய்தி. ஏலமலையின் அடிவாரத்தில், கடலைக் காணாத போடிநாயக்கனூரில் வாழும் நாம் அறிய வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அது கடலில் நிகழ்ந்ததன்று. நம் மலைகளிலிருந்து நீர் பெறும் ஆறு ஒன்றில் நிகழ்ந்தது.

முதலில் நம் மலையின் நீர்வழிகளை நினைவிற் கொள்வோம். போடியை நோக்கிய சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாக இறங்கி வைகையில் சேர்கிறது. போடிமெட்டுக்கு அப்பால், மூணாற்றுப் பக்கம் பெய்யும் மழை முதிரைப்புழை வழியாகப் பெரியாற்றை அடைந்து அரபிக்கடலுக்குச் செல்கிறது. இன்னும் வடக்கே, ஆனைமுடிப் பகுதியில் தோன்றும் பாம்பாறோ மறையூரைக் கடந்து, சின்னாற்றுக் காட்டின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, அமராவதியில் சேர்ந்து, கரூரை அடுத்துக் காவிரியில் கலக்கிறது. பக்கத்துப் பக்கத்து மலைகளில் விழும் மழைத்துளிகள் மூன்று வெவ்வேறு ஆறுகளுக்கு உரியனவாகின்றன. இம்மூன்றில் பாம்பாற்றின் வழியே நாம் காவிரிக்குச் செல்வோம்.

காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பெருமீன் ஒன்று உண்டு. மாசீர் எனப்படும் அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும் செம்மஞ்சள் செட்டைகளும் உடையது. தலைக்குப் பின்னே முதுகு மேடிட்டிருப்பதால் திமில் மாசீர் என்று அழைக்கப்படுகிறது. பாறைகளுக்கிடையே சுழித்தோடும் நீரும் ஆழமான மடுக்களும் அதன் இருப்பிடம். தூண்டிலிற் பட்டதும் நீரோட்டத்தோடு அது பாயும் விரைவைக் கண்ட ஆங்கிலேயர், நன்னீர் மீன்களுள் இதற்கு நிகரான வலிமை உடையவை மிகச் சிலவே என்று எழுதினர்.

இம்மீனைப் பிடிக்கத் துணைநின்ற கலம் பரிசல். ஒகேனக்கல் சென்றோர் அதனை அறிவர். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அதன்மேல் தோல் போர்த்துச் செய்யப்பட்டது அது. பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தார் பூசிய நெகிழித் தாள் பிடித்துக்கொண்டது. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரும்படகு பாறையில் மோதி உடையும் இடத்தில், பரிசல் சுழன்று விலகிப் போய்விடும். பெருமீனைப் பிடிக்க அது உதவுவதற்குக் காரணம் அதன் இலேசான தன்மையே. கரையில் நிற்பவன் கயிற்றை இழுத்துப் பிடித்தால், மீனின் முழு வேகமும் கயிற்றின்மேல் விழுந்து அதனை அறுத்துவிடும். பரிசலில் இருப்பவனையோ மீன் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கலம் இழுப்புக்கு இணங்கிச் செல்வதால் கயிறு பிழைக்கிறது. கலத்தை இழுத்து இழுத்தே மீன் களைத்துப் போகிறது. இன்று கடலில் கயாக்கில் அமர்ந்து மயில்மீனைப் பிடிப்பவனுக்கும் இதே நியதிதான் கைகொடுக்கிறது.

நம் மலையின் மறுபுறத்திலும் இத்தகைய சிறு கலம் உண்டு. 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான நீர்த்தேக்கத்தில், மன்னான் பழங்குடியினர் மூங்கில் தெப்பமேறி மீன்பிடித்து வருகின்றனர். தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அம்மக்களின் மரபுரை. அந்நீரின் ஆழமும் மீன்களின் போக்கும் அவர்கள் பட்டு அறிந்தவை. அவ்வறிவு நூலேறியது குறைவு.

காவிரியின் மாசீரோ நூலேறியது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் தென்னாட்டு மாசீரின் புகழ் இங்கிலாந்து வரை சென்றது. நஞ்சிட்டும் சிறு கண் வலைகளை வீசியும் மீன்குஞ்சுகளை அழிப்பதை அவர் கண்டித்தார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வெடியும் நஞ்சும் கொண்டு மீன்பிடிப்பதைத் தடைசெய்யும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் இயற்றப்பட்டது.

பின்னர் எடைகளின் கணக்குத் தொடங்கியது. காவிரி நீர்த்தொகுதியில் 1919-ஆம் ஆண்டு ரிவெட்-கார்னாக் என்னும் படை அதிகாரி 119 பவுண்டு எடையுள்ள மாசீரைப் பிடித்தார். 1946-இல் காவிரியின் கிளையாறாகிய கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம் எடையுள்ள மீனைப் பிடித்தார். புலி முதலிய விலங்குகளின் உடல்களைப் பாடம் செய்வதில் பெயர்பெற்ற குடும்பம் அவருடையது. அந்த எடை இன்றளவும் தூண்டிற்காரர்களால் சாதனையாகப் போற்றப்படுகிறது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டு தெரிகிறது, ஆறு தெரிகிறது, மீனின் எடை பவுண்டுக் கணக்கில் தெரிகிறது, தூண்டில் பிடித்தவரின் பெயரும் குடும்பமும் தெரிகின்றன. எந்தப் பாறையின் நிழலில் மீன் படுத்திருக்கும் என்று சொன்னவர் யார்? இரையாக ராகிக் களியை உருட்டிக் கொடுத்தவர் யார்? நீர்ச்சுழியில் பரிசல் கவிழாமல் காத்தவர் யார்? காவிரிக்கரையில் இவையெல்லாம் உள்ளூர் மக்களின் வேலையாகவே இருந்துவந்தன. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் ஏட்டில் இல்லை. எழுதுகோலை உடையவர்கள் வரலாற்றில் நின்றனர். துடுப்பை உடையவர்கள் நிற்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின், வெடியாலும் அணைகளாலும் இம்மீன் அழிந்தே போயிற்று என்று பலர் எண்ணினர். 1977-78-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் சிலர், காவிரியில் அது இன்னும் வாழ்வதைத் தூண்டிலிட்டு மெய்ப்பித்தனர். அதன்பின் கர்நாடகக் காவிரிக்கரையில் மீன்பிடி முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை எடைபோட்டு உயிருடன் ஆற்றில் விட வேண்டும் என்பது அங்கு விதி. முன்பு வெடிவைத்துத் திருட்டாக மீன்பிடித்தவர்களுட் சிலர் பரிசலோட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். மீனைக் கொன்று பிழைத்தவர்கள் மீனைக் காத்துப் பிழைக்க வழி பிறந்தது. ஆயினும் வனவிலங்குப் புகலிடத்திற்குள் மீனைப் பிடித்து விடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தால், 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்குத் தூண்டில் நின்றது. முகாம்களோடு காவலும் போய்விடுமோ என்று ஆய்வாளர் சிலர் அஞ்சினர்.

அம்முகாம்களுள் ஒன்றில் 1998 முதல் 2012 வரை எழுதி வைக்கப்பட்ட பிடிப்புக் கணக்கு பின்னர் ஆராயப்பட்டது. 6,000-க்கும் மேற்பட்ட மீன்களைப் பற்றிய அப்பதிவு வருந்தத்தக்க ஓர் உண்மையைக் காட்டிற்று. மாசீர் எண்ணிக்கையில் பெருகிக்கொண்டிருந்தது. ஆனால் பெருகியது காவிரிக்கு உரிய திமில் மாசீர் அன்று. வேற்றாற்று இனமாகிய நீலச்செட்டை மாசீரின் குஞ்சுகள், மீன்வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, 1970-களிலிருந்து மராட்டிய மாநிலத்து லோணாவளாவில் வளர்க்கப்பட்டுக் காவிரியில் விடப்பட்டிருந்தன. வந்த மீன் வாழ்ந்தது. சொந்த மீன் தேய்ந்தது. இரண்டையும் மாசீர் என்ற ஒரே பெயரால் எண்ணிய கண்களுக்கு அந்தத் தேய்வு நெடுங்காலம் புலப்படவே இல்லை.

திமில் மாசீருக்குத் தனக்கென உறுதிப்பட்ட அறிவியற் பெயர் இல்லாதிருந்ததும் இதற்கொரு காரணம். ஒன்றரை நூற்றாண்டுப் புகழ் பெற்ற அம்மீன் இன்ன இனம் என்பது 2018-ஆம் ஆண்டில்தான் ஐயமற நிறுவப்பட்டது. டோர் ரெமாதேவி என்பது அதன் பெயர். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கே. ரெமாதேவி என்னும் அறிஞரைச் சிறப்பிக்கும் வகையில் இடப்பட்டது. அப்பெயர் முன்னரே வேறோரிடத்தில் பிறந்திருந்தது. கேரள ஆய்வாளர் இருவர் மலையாறு ஒன்றில் கிடைத்த இளமீன்களுக்கு அதனைச் சூட்டியிருந்தனர். அவற்றுட் பெரியதும் ஓர் அடியைச் சற்றே தாண்டியதுதான். அவ்வாறு நாம் தொடக்கத்திற் கண்ட பாம்பாறு. நீலகிரியை ஒட்டிய மோயாற்று மீன்களையும் ஒப்பிட்ட பின்னரே, கபினியின் 120 பவுண்டுப் பெருமீனும் பாம்பாற்றின் சிறுமீனும் ஓரினமே என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பெயர் உறுதிப்பட்ட ஆண்டே ஆபத்து அறிவிக்கப்பட்ட ஆண்டும் ஆயிற்று.

பெயரில்லாததைக் காப்பது கடினம் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது. பெயரறியப்படாத பரிசலோட்டி மறக்கப்பட்டான். பெயர் உறுதிப்படாத மீன் பெரும்பாலான மடுக்களிலிருந்து சந்தடியின்றி மறைந்தது. மீனின் பெயர் காலந்தாழ்ந்தேனும் கிடைத்துவிட்டது. காவிரியின் பரிசலோட்டிகளிடமும் பெரியாற்றின் தெப்பக்காரர்களிடமும் சென்று, அவர்கள் அறிந்தவற்றை அவர்கள் பெயராலேயே எழுதி வைக்க இன்னும் காலம் இருக்கிறது. முதியோர் மறைய மறைய அக்காலம் குறுகிக்கொண்டும் இருக்கிறது.

போடி மக்களாகிய நமக்கு இதில் மற்றொரு கடமையும் உண்டு. நம் வாழ்வு ஏலத்தோடு பிணைந்தது. அந்த ஏலச்செடியைக் காக்கத் தெளிக்கப்படும் மருந்து மழையோடு ஓடையில் இறங்குகிறது. ஓடை ஆற்றில் இறங்குகிறது. பாம்பாற்றில் நிகழ்ந்தது நம் கொட்டகுடி ஆற்றிலும் நிகழலாகாதா? எவரும் எண்ணிப் பார்க்காத, பெயர் சொல்லி அழைக்காத சிறுமீன்கள் நம் ஓடைகளிலும் இருக்கக்கூடும். பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு, அங்குள்ள மீன்களின் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்தால், அதுவே நல்ல தொடக்கமாகும். பெயரைச் சொன்ன பெரியவரின் பெயரையும் அத்தாளில் எழுத அவர்கள் மறவாதிருக்கட்டும்.