ஈயம் இல்லாத காரீயம்

இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகளும் மலைகளும் நெருங்கி நிற்கும் கம்பிரியா வட்டாரத்தில், கெசிக் என்றொரு பழைய சந்தை ஊர் இருக்கிறது. வடக்கே 931 மீட்டர் உயரமுள்ள ஸ்கிடா மலை, தெற்கே டெர்வென்ட்வாட்டர் ஏரி. 1276-இல் முதலாம் எட்வர்ட் மன்னர் இங்கே சந்தை கூட்டும் உரிமையை வழங்கினார். கடைத்தெரு நடுவே 1813-இல் மீண்டும் கட்டப்பட்ட மூட் ஹால் நிற்கிறது. அதன் கடிகாரத்துக்கு ஒரே முள்தான். கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சவுதியும் வாழ்ந்த கிரீட்டா ஹாலைப் பார்க்க இலக்கிய அன்பர்கள் வருகிறார்கள். படகுக்கும் மலையேற்றத்துக்கும் வருபவர்கள் அவர்களைவிட அதிகம். இவற்றோடு ஒரு பென்சில் அருங்காட்சியகமும் ஊரில் உண்டு. இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பொருள், பென்சிலின் உள்ளிருக்கும் கரிய குச்சி, அங்கேதான் இருக்கிறது. அந்தப் பொருளின் பெயரில் ஒரு சிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பல காலம் வழங்கிய பெயர் ‘பிளாக் லெட்’, அதாவது கருப்பு ஈயம். இலங்கைத் தமிழில் இன்றும் காரீயம். நம் கடைகளில் மைக்ரோ டிப் பென்சிலுக்கு ‘லெட்’ கேட்டு வாங்குகிறோம். அதில் ஈயம் ஒரு துளியும் இல்லை, என்றுமே இருந்ததில்லை. இல்லாத பொருளின் பெயர் எப்படி ஏறியது?

கெசிக்கிலிருந்து தெற்கே பாரோடேல் பள்ளத்தாக்கு நீள்கிறது. அதன் கோடியில் சீத்வெயிட் என்ற குக்கிராமம். இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களில் மிக அதிகமாக மழை பெய்வது இங்கேதான் என்பார்கள். அதற்கு மேலுள்ள மலைச்சரிவில், பழைய எரிமலைப் பாறைகளுக்குள், 16-ஆம் நூற்றாண்டில் ஒரு கரிய கனிமம், இன்று கிராஃபைட் எனப்படுவது, தட்டுப்பட்டது. புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் மேய்ப்பர்கள் அதைக் கண்டார்கள், ஆடுகளுக்கு அடையாளம் போட எடுத்துக்கொண்டார்கள் என்பது ஊர்க்கதை. தொட்டால் வழுக்கும், விரலில் கருமை படியும், கத்தியால் எளிதாகச் சீவலாம். பிற இடங்களில் கிடைத்த கிராஃபைட் பொடியாகவோ செதிலாகவோ அழுக்குக் கலந்தோ இருந்தது. பாரோடேலில் கிடைத்ததோ ரம்பம் வைத்து அறுக்கும் அளவுக்கு இறுகிய, தூய கட்டி. கட்டியைப் பலகையாக அறுத்து, பலகையைச் சதுரக் குச்சிகளாக அறுத்து, மரச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் வைத்து, மேலே ஒரு மரத்துண்டை ஒட்டி இழைத்தார்கள். கெசிக் வீடுகளில் கைத்தொழிலாக நடந்து, 1832-இல் தொழிற்சாலையாக வளர்ந்த பென்சில் வேலை இதுதான். பள்ளத்தாக்கு மக்கள் இந்தக் கனிமத்தை ஈயம் என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அது ‘வாட்’.

ஈயப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், அந்தக் காலத்து மக்களுக்கு வேதியியல் தெரியாது, ஈயத்தின் ஒரு வகை என்று தவறாக எண்ணிவிட்டார்கள் என்பது. பள்ளிப் பாடநூல்களும் பொது அறிவு நூல்களும் இதையே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. 1560-களில் கெசிக்கில் குடியேறியிருந்தவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த டேனியல் ஹெக்ஸ்டெட்டரின் தலைமையில் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே வந்து செம்பு உருக்கினார்கள். 1568-இல் அரச சாசனம் பெற்ற மைன்ஸ் ராயல் கம்பெனிக்கு இந்த வட்டாரமே களம். நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கில் அவர்கள் ‘கடவுளின் கொடை’ என்று பெயரிட்ட சுரங்கம் ஆங்கிலேயர் நாவில் ‘கோல்ட்ஸ்கோப்’ ஆகிவிட்டது. தாதுவைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்லும் கூட்டம் அது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். பாரோடேல் கனிமத்தை எந்த உலையில் போட்டாலும் உருகாது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் இதைப் பூசியதே அது வெப்பத்துக்கு அசையாது என்பதற்காகத்தான். உருகிய இரும்பைத் தாங்குவதற்கு ஒரு பொருளைப் பூசுகிறவன், அது ஈயம் என்று நம்பியிருக்க வழியில்லை. கையில் எடுத்தாலே தெரியும்: ஈயம் கனக்கும், இது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே, தொழில் தெரிந்தவர்களும் ஈயம் என்ற பெயரை ஏற்றதற்கு அறியாமையைத் தவிர வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் எழுதுகிறவர்கள் மேசையில் இருக்கிறது. ஐரோப்பிய மடாலயங்களில் தோலேட்டில் கோடு போட 12-ஆம் நூற்றாண்டளவில் ஈயக்கூர் பரவலாகியிருந்தது. தோலில் ஈயத்தை இழுத்தால் மங்கலான சாம்பல் கோடு விழும். மையில் எழுதி முடித்தபின் அது கண்ணை உறுத்தாது. 1400-ஐ ஒட்டி ஓவியக் கைந்நூல் எழுதிய சென்னினோ சென்னினி, ஈயம் இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் சேர்த்து வார்த்த கோலால் வரையலாம், தவறினால் ரொட்டித் துணுக்கால் துடைக்கலாம் என்று சொல்லித் தருகிறார். எழுதுகிறவனுக்கும் வரைகிறவனுக்கும் ‘ஈயம்’ என்றால் ஓர் உலோகம் மட்டுமன்று, கோடு போடும் கருவியும் அதுவே. அந்த மேசைக்கு ஒரு புதுப்பொருள் வருகிறது. அதே வேலையைச் செய்கிறது. ஆனால் கோடு இன்னும் கருமையாக விழுகிறது. அதைக் கருப்பு ஈயம் என்று அழைப்பதில் பிழை எங்கே இருக்கிறது? 1565-இல் சூரிச்சில் கொன்ராட் கெஸ்னர் வெளியிட்ட புதைபடிவ நூலில் மரப்பிடி போட்ட எழுதுகோலின் படம் இருக்கிறது. அதன் முனையை அவர் ஒருவகை ஈயம் என்கிறார், சிலர் அதை ஆங்கில அஞ்சனக்கல் என்று அழைப்பதாகவும் சேர்க்கிறார். படத்தில் இருப்பது எழுதும் கருவி, உலையில் இடும் தாதுவன்று. என் வாதம் இதுதான்: ‘ஈயம்’ என்ற பெயர் இந்தப் பொருளின் இயல்பைச் சொல்ல வந்ததன்று, அது செய்த வேலையைச் சொல்ல வந்தது.

அந்தப் பெயர் மற்ற பொருள்களிலும் இப்படியே நடந்துகொண்டிருக்கிறது. மாலிப்டினம் என்ற உலோகத்தின் பெயர், ஈயத்தைக் குறிக்கும் ‘மாலிப்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாலிப்டினைட் என்ற கனிமமும் காகிதத்தில் இழுத்தால் கோடு போடும். அதனால் ஈயத் தாது, கிராஃபைட், மாலிப்டினைட் மூன்றும் நெடுங்காலம் ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்தன. அவற்றை இணைத்தவை தேய்க்கும்போது விழும் தடமும் மினுமினுப்பும். லத்தீனில் கிராஃபைட்டுக்கு வழங்கிய ‘பிளம்பேகோ’வும் ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்பதிலிருந்து பிறந்தது.

அப்படியென்றால் அறிவியல் வந்து பெயரைத் திருத்தியதே என்று கேட்கலாம். 1779-இல் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இந்தப் பொருள் கரிதான் என்று காட்டினார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1789-இல், ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு ‘கிராஃபைட்’ என்று பெயரிட்டார். திருத்தியவர் கொடுத்த பெயரின் வேர் ‘கிராஃபேன்’ என்ற கிரேக்க வினை. எழுதுதல் என்று பொருள். கரி என்பது நிறுவப்பட்டபின்னும், கனிமங்களை வகைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அறிஞர் புதுப்பெயர் தேடியபோது, கரியின் பக்கம் போகவில்லை. எழுத்தின் பக்கம் போனார். எழுதுகிறவர்கள் செய்ததும் வெர்னர் செய்ததும் ஒன்றே. அவர்கள் பழைய கருவியின் பெயரை எடுத்தார்கள், வெர்னர் அந்தக் கருவி செய்யும் வினையை எடுத்தார்.

1795-இல் நடந்தது இதைவிட வலுவான சான்று. போரினால் ஆங்கிலக் கிராஃபைட் கிடைக்காமல் போன பிரான்சில், நிக்கோலா ஜாக் கோந்தே, தரம் குறைந்த கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சுட்டெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகும், குறைந்தால் மென்மையாகும். இன்று நாம் வாங்கும் எச்.பி. பென்சில் அந்த வழியில் வந்தது. தூய கட்டி வைத்திருந்த பாரோடேலின் தனியுரிமை மெல்ல முடிவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுரங்க வேலையும் நின்றது. பென்சிலின் உள்ளிருக்கும் பொருள் இப்படி அடியோடு மாறியபோதும் ‘லெட்’ என்ற பெயர் அசையவில்லை. வண்ணப் பென்சிலின் முனை மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்தது. அதில் கிராஃபைட்கூட இல்லை. ஆங்கிலத்தில் அதற்கும் ‘லெட்’ என்றே பெயர். பெயர் பொருளைக் குறித்திருந்தால் 1795-க்குப் பிறகாவது உதிர்ந்திருக்கும். அது வேலையைக் குறித்தது, வேலை மாறவில்லை, பெயரும் நிலைத்தது. ‘பென்சில்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்தது. சிறு வால் என்று பொருள்படும் ‘பெனிசிலஸ்’ என்ற லத்தீன் சொல், ஓவியனின் மெல்லிய மயிர்த்தூரிகைக்குப் பெயராயிற்று. தூரிகையின் இடத்தைக் கரிய குச்சி பிடித்தபோது பெயரும் அதன் கைக்கு வந்தது. ஜெர்மனியர் ‘பிளைஷ்டிஃப்ட்’ என்கிறார்கள், ஈயக்குச்சி என்று பொருள்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் சொல் ‘வாட்’. அந்தக் கனிமத்தை வெட்டியெடுத்தவர்களின் சொல் அது. அது ஈயம் என்றும் சொல்லவில்லை, எழுத்து என்றும் சொல்லவில்லை. அதன் வேர் இன்றுவரை தீர்மானமாகவில்லை. பொய்யே சொல்லாத பெயர் அது ஒன்றுதான். உண்மையான பெயருக்கே உரிமை என்றால் ‘வாட்’ அல்லவா வென்றிருக்க வேண்டும்? வெல்லவில்லை. சுரங்கத்தை ஒட்டியவர்களுக்கு அது தோண்டும் பொருள். வாங்கியவர்களுக்கோ எழுதும் பொருள், அச்சுக்குப் பூசும் பொருள். சந்தையில் விலை பேசியவர்களின் சொல்லே நாடெங்கும் பரவியது. திருட்டு மிகுந்து, சுரங்கத்தை உடைத்துக் கனிமம் எடுப்பதைக் கடுங்குற்றமாக்கி 1752-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, அதன் தலைப்பிலும் இடம்பெற்றது ‘பிளாக் லெட்’ என்பதே. வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளிகள் காவல் வீட்டில் சோதிக்கப்பட்ட காலம் அது. பிற்காலக் கனிமவியலில் ‘வாட்’ என்ற பெயர் மாங்கனீசுத் தாது ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. பாரோடேல் மக்களின் சொல் அவர்களுடைய பொருளையே இழந்தது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் அந்தத் தோல்வி என் வாதத்தைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

வேலைப்பெயர் என்று சமாதானம் சொல்வது ஆபத்து, பென்சில் குத்திவிட்டால் ஈயநஞ்சு ஏறும் என்று பெற்றோர் அஞ்சுவது இந்தப் பெயரால்தான் என்று இன்னொரு மறுப்பு வரும். அச்சம் உண்மை, பெயருக்கு அதில் பங்குண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் பென்சிலில் உண்மையாகவே ஈயம் இருந்த இடம் ஒன்று உண்டு: கடந்த நூற்றாண்டில் அதன் வெளிப்புறத்தில் பூசிய வண்ணம். குழந்தை கடித்தது அந்தப் பக்கத்தைத்தான். பெயரை மாற்றியிருந்தாலும் அந்த ஈயம் போயிருக்காது; வண்ணத்தை மாற்றித்தான் அதைப் போக்க முடிந்தது.

தமிழில் இந்தக் கதைக்குச் சொந்தக் கிளை உண்டு. ஈயம் என்ற பொதுப்பெயரின் கீழ் வெள்ளீயம், காரீயம் என்று நிறத்தால் பிரித்தவர்கள் நாம். முதல் நூற்றாண்டு ரோமரான பிளினியும் வெள்ளை பிளம்பம், கருப்பு பிளம்பம் என்று இவ்விரண்டையும் இப்படியே பிரிக்கிறார். ஆக, தமிழில் காரீயம் என்பது முதலில் உண்மையான ஈயம். இலங்கையில் அந்தச் சொல் கிராஃபைட்டுக்குப் போனது. கேகாலை மாவட்டத்துப் பொகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் மிகத் தூய கிராஃபைட், 19-ஆம் நூற்றாண்டில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. அங்கே தமிழர் அதைக் காரீயம் என்கிறார்கள், உலோகத்தை ஈயம் என்கிறார்கள், குழப்பம் எழுவதில்லை. தமிழ்நாட்டில் சிவகங்கையில் அரசு நிறுவனமே அதே கனிமத்தை வெட்டியெடுக்கிறது. இங்கே அதன் பெயர் கிராஃபைட், காரீயம் பாடநூலில் உலோகமாகவே தங்கிவிட்டது. பென்சிலுக்குக் ‘கரிக்கோல்’ என்று ஆக்கிய சொல் வேதியியலுக்கு மிகப் பொருத்தம், ஷீலே கண்ட உண்மை அதில் அப்படியே இருக்கிறது. ஆனாலும் பள்ளிப் பையில் ஏறியது பென்சில்தான். கலைச்சொல் அகராதி செய்கிறவர்கள் இலங்கை வழக்கைப் பிழை என்று தள்ளாமல், கிராஃபைட்டுக்குரிய சொல்லாகக் காரீயத்தை உலோகப் பொருளுக்கு அருகிலேயே பதிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் தலைமுறைகளாகப் புழங்கிய சொல் அது. அதைத் தள்ளிவிட்டுப் புதிது தேட நமக்குத் தேவை எதுவும் இல்லை.