விதியைத் திருத்திய பெண்கள்
பணியுலகில் முன்னோடிப் பெண்கள் விட்டுச்சென்ற அறிவுரை

1951-இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம் ஜார்ஜின் கைக்கு வந்த பணி நியமன ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. திருமணம் செய்துகொண்டால் பணி அத்துடன் முடியும் என்றது அது. ஆண்களுக்கு இப்படியொரு நிபந்தனை கிடையாது. அதற்கு முன்பே நேர்முகத் தேர்வில், ஐ.சி.எஸ். காலத்து மூத்த அதிகாரிகள் அமர்ந்திருந்த குழு, ஆட்சிப் பணி உங்களுக்கு வேண்டாம், வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளில் ஒன்றோ பெண்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவரைத் திசைதிருப்பப் பார்த்தது. அவர் இசையவில்லை. ஆட்சிப் பணிதான் வேண்டும், அதுவும் சென்னை மாநிலத்தில்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அறிவுரை சொல்வோருக்கு இன்று குறைவில்லை. தன்னம்பிக்கையோடு இரு, கூட்டத்தில் துணிந்து பேசு, வீட்டையும் அலுவலகத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொள் என்கிறார்கள். இவற்றில் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவை அனைத்தும் பெண்ணையே மாறச் சொல்கின்றன. அவள் போய்ச் சேரும் இடத்தைத் தொடுவதே இல்லை. முதல் தலைமுறையில் உயர் பொறுப்புகளை ஏற்ற பெண்களின் பணி வரலாற்றைப் படிக்கும்போது வேறொரு அறிவுரை கிடைக்கிறது. அவர்கள் ஆணையை வரிவரியாகப் படித்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் கிடைத்த சலுகையை மறுத்தார்கள். பிழையான விதியைத் தங்களுக்கு மட்டும் தளர்த்தித் தரும்படி கேட்காமல், விதியையே மாற்றும்படி கேட்டார்கள். நூறு பயிலரங்குகளைவிட இந்தப் பாடம் பெரிது என்பது என் துணிபு.

அன்னா ராஜத்துக்கு முதல் பணியிடம் ஒதுக்கும் வேளையில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ராஜாஜி. மாவட்டப் பணிக்கு ஒரு பெண்ணை அனுப்ப அவருக்குத் தயக்கம் இருந்தது. கோட்டையில், தலைமைச் செயலகத்திலேயே ஒரு பதவி தருவதாகச் சொல்லப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பரிவு. வெயிலில் அலைய வேண்டாம், கலவரம் நடந்த ஊருக்கு நள்ளிரவில் ஓட வேண்டாம், நிலத்தகராற்றில் இரு தரப்பின் ஏச்சையும் வாங்க வேண்டாம். அன்னா ராஜம் அந்தப் பரிவை ஏற்கவில்லை. ஆண் அதிகாரிகள் பெற்ற அதே பயிற்சியைத் தானும் பெற்றதாகவும், குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் தனக்கும் கற்பிக்கப்பட்டதாகவும் எடுத்துச் சொன்னார். கடைசியில் ஓசூருக்குச் சார் ஆட்சியராக அனுப்பப்பட்டார்.

இதன் அருமை ஆட்சி நிர்வாகத்தை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். வருவாய்க் கோட்டம் ஒன்றைக் கையாளும் அந்த இளம்பருவத்தில்தான் ஓர் அதிகாரி உருவாகிறார். அந்நாளின் கிராம அதிகாரிகளான கர்ணமும் மணியக்காரரும் எழுதிய கணக்கைப் படிக்கப் பழகுவதும், ஜமாபந்தியில் ஒரு மனுவுக்குப் பின்னால் இருக்கும் குடும்பச் சண்டையை மோப்பம் பிடிப்பதும், தடை உத்தரவு எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று தீர்மானிப்பதும் அங்கேதான். அந்த அனுபவமின்றிக் கோட்டையில் அமர்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கோப்பில் இருப்பதை மட்டுமே அறிந்தவராகிவிடுவார். மாவட்டம் பார்க்காதவர் என்ற சொல் பதவி உயர்வு வரும்போதெல்லாம் அவரைப் பின்தொடரும். அந்தப் பேச்சு வரும் நாளில், மாவட்டத்துக்கு அனுப்பாமல் வைத்த பரிவு யார் நினைவிலும் இருக்காது.

இன்றைக்கும் இது நடக்கிறது. கிராமக் கிளை மேலாளர் பதவியைப் பெண்ணுக்குத் தராமல் வட்டார அலுவலகத்தில் ஒரு மேசையைத் தருகிறார்கள். தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவுக்கு விண்ணப்பித்த பொறியாளரை ஆவணப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். “உனக்கெதற்கம்மா இந்த அலைச்சல்?” என்ற கேள்வி அன்பாகத்தான் வருகிறது. அன்பாக வருவதாலேயே அதை மறுப்பது கடினம். அன்னா ராஜம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. சார் ஆட்சியர் அம்மாவைக் காண ஒரு கிராமத்துப் பெண்கள் கூடினார்கள். ஒரு மூதாட்டி அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்றாராம். அந்தக் கிராமத்துப் பெண்கள் அதைக் காண வேண்டுமென்றால், அதிகாரி கோட்டையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

திருமண விதி பின்னர் நீக்கப்பட்டது. அன்னா ராஜம் தம்முடன் பணியில் சேர்ந்த ஆர்.என். மல்ஹோத்ராவை மணந்தார், ஏழு முதலமைச்சர்களின் கீழ்ப் பணியாற்றினார், மும்பையை அடுத்த நவ சேவா துறைமுகத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார், 1989-இல் பத்மபூஷண் பெற்றார்.

ஆனால் அப்படிப்பட்ட விதிகள் தாமாக உதிர்ந்துவிடவில்லை. அவற்றை நீதிமன்றத்தின் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தவர் குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்த சி.பி. முத்தம்மா. சென்னைக்கும் அவரிடம் உரிமை உண்டு: மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டமும், மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவரே. அன்னா ராஜத்தை ஆட்சிப் பணியை விட்டு வெளியுறவுப் பணிக்குப் போகச் சொன்னார்கள் என்று பார்த்தோம். முத்தம்மாவுக்கோ வெளியுறவுப் பணி பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொன்னார்கள். எந்தக் கதவின் முன் நின்றாலும் பக்கத்துக் கதவைக் காட்டும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. மணம் செய்தால் விலகிவிடுவேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டுத்தான் அவர் பணியில் சேர முடிந்தது.

பாரிசில் முதல் பணியமர்வு. அடுத்தடுத்துப் பல தலைநகரங்கள். 1970-இல் அங்கேரிக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். வெளியுறவுப் பணியிலிருந்து தூதராக உயர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். பிறகு கானா. இத்தனைக்குப் பிறகும், முதல் நிலைக்குப் பதவி உயர்வு வந்தபோது அவர் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டு, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னே ஏற்றப்பட்டார்கள். முப்பது ஆண்டுப் பணியின் முடிவில் இருந்தவர், பேசாமல் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்திருக்கலாம். அவர் உச்ச நீதிமன்றத்தில் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்.

இங்கேதான் அவருடைய கூர்மை வெளிப்படுகிறது. எனக்கு நேர்ந்தது அநீதி என்பதோடு அவர் நிறுத்தவில்லை. தம்மைச் சுற்றியிருந்த பாகுபாட்டின் வேர் பணி விதிகளிலேயே இருப்பதைச் சுட்டினார். வெளியுறவுப் பணியில் உள்ள பெண் திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துபூர்வமான அனுமதி பெற வேண்டும். மணமான பின், குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைத் திறனுக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது ஒரு விதி. மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது மற்றொன்று. இரண்டும் 1961-ஆம் ஆண்டு விதிகள். அரசியலமைப்பின் 14, 16 ஆகிய பிரிவுகள் நடைமுறைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை.

1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், நீதிபதி பி.என். சிங்கல் அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறாகுமென்றால் ஆணின் பணிக்கும் ஆகலாமே என்று கேட்டது நீதிமன்றம். விதிகளில் ஒன்று முன்பே நீக்கப்பட்டதென்றும், மற்றதை நீக்கும் பணி நடக்கிறதென்றும் அரசுத் தரப்பு சொல்லியிருந்தது. வழக்கு நிலுவையில் இருந்தபோதே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். அவர் கேட்டது கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், சிக்கல் தள்ளுபடியாகவில்லை என்பதைத் தெளிவுபடுத்தியது. அவருடைய பணி மூப்பை மறுஆய்வு செய்யவும், பாகுபாட்டின் கறை படிந்த பணி விதிகளைத் தாமதமின்றிச் சீரமைக்கவும் அரசை வலியுறுத்தியது.

ஏட்டளவில் இது தள்ளுபடியான மனு. என் பார்வையில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. பிறகு நெதர்லாந்துக்குத் தூதராகச் சென்று 1982-இல் ஓய்வு பெற்றார் முத்தம்மா. 2001-இல் சொகிலா ஐயர் வெளியுறவுச் செயலாளர் பொறுப்பேற்ற முதல் பெண் ஆனார். 2009 ஆகஸ்டில் நிருபமா ராவ் அதே நாற்காலிக்கு வந்தார். மணமானவர், இரு பிள்ளைகளின் தாய். அந்த ஆண்டு அக்டோபரில் முத்தம்மா மறைந்தார்.

எல்லோரும் உச்ச நீதிமன்றம் போக முடியுமா என்று கேட்கலாம். முடியாது, போக வேண்டியதும் இல்லை. ஆனால் முத்தம்மாவின் வழக்கு காகிதத்தின் மீது நின்ற வழக்கு என்பதை இளம்பெண்கள் கவனிக்க வேண்டும். எந்த விதி, எந்த ஆண்டு, யார் யாருக்குப் பின்னால் சேர்ந்தார் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. நியமன ஆணை, பணி மூப்புப் பட்டியல், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றின் படிகளைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை அன்றே கடிதமாக எழுதி அனுப்பி வையுங்கள். தனியார் நிறுவனமானால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேரும்போதே கேளுங்கள்; 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் அதை அமைத்தாக வேண்டும்.

நீதிமன்றப் பாதையும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றதும் வேலையிழக்க வேண்டும் என்ற விதியை 1981-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே தீர்ப்பு, சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு, சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது 2000-இல்தான்.

விதி திருந்தினாலும் தீராத ஒன்று உண்டு: பிள்ளையை யார் பார்ப்பது? கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943-இல் தேறிய ஏ. லலிதாவின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். பதினைந்து வயதில் மணம், பதினெட்டில் கைம்மை, கையில் சில மாதக் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தை பப்பு சுப்பாராவ் துணைநின்றார். படிப்புக்குப் பிறகு லலிதா சிம்லாவிலும் கல்கத்தாவிலும் வேலை பார்த்தார். இரு ஊர்களையும் தீர்மானித்தது, உடன்பிறந்தவர்களின் குடும்பம் அங்கே இருந்ததும், மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததும். பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் அமைப்புகளில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்குப் பின்னால் அண்ணியின் உழைப்பும் இருக்கிறது. அதை எந்த வரலாறும் விரித்து எழுதவில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, விடுப்பு 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமானது. வேலை தேடும் பெண் சம்பளத்தைக் கேட்கும் அதே மூச்சில் காப்பகத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆண்களும் கேட்கத் தொடங்கினால் இன்னும் விரைவில் நடக்கும்.

பதவியைவிடப் பணியைப் பெரிதாக எண்ணியவர்களும் இந்த வரிசையில் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல்தான் திறக்க முடிந்தது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. மறு ஆண்டு, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைப் பணிக்குத் தேர்வாகியிருந்த மருத்துவர் வி. சாந்தா, அதை விட்டுவிட்டு பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட இந்தச் சிறு இடத்துக்கு வந்தார். நல்ல அரசாங்க வேலையை விடுவதா என்று பலர் திகைத்தார்கள். 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. இரு தலைமுறைப் பெண்கள் ஒரே கனவைக் கைமாற்றிக்கொண்டார்கள். வழிகாட்டுதல் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மூத்தவர் ஓர் இடத்தைக் கட்டினார். இளையவர் அதற்குள் வளர்ந்தார்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் படித்தவர்கள். காலையில் கூடையோடு கோயம்பேட்டுக்கு ஓடும் பெண்ணுக்கும் தொழில்தான். அவளுக்கும் முன்னேற்றம் வேண்டும். கட்சி அரசியலில் இருந்த ஜெயா அருணாசலம், சென்னைக் குடிசைப் பகுதிகளில் பூவும் காயும் இட்லியும் விற்ற பெண்களிடம் பேசியபோது, அவர்களை அழுத்தியது தண்டல் வட்டி என்று கண்டார். 1978-இல் உழைக்கும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அண்டை வீட்டுப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க, வங்கிக் கடன் கிடைத்தது. பின்னர் அவர்களுக்கெனவே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது. குழுவின் தலைவியும் அதே தெருவில் வியாபாரம் செய்தவள்தான்.

தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றபடி சேலை விரிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். அதே ஆண்டில் அரசுப் பணிகளில் மகளிர் ஒதுக்கீட்டை முப்பதிலிருந்து நாற்பது விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் தொழிலாளர் துறைக்கு ஆய்வாளர்களாகச் செல்லும் இளம்பெண்கள், தங்கள் எல்லைக்குட்பட்ட கடைகளில் அந்த இருக்கை உண்மையில் போடப்பட்டிருக்கிறதா, போட்டிருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.