காவலும் ஈடும்: ஊரார் கூட்டுக்காவலில் பொறுப்பின் இடம்

குற்றத் தடுப்பில் ஊர்மக்களின் பங்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விழிப்பையே முன்னிறுத்துகின்றனர். காவல் தவறும்போது பறிகொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது என்பதே அதைவிட அடிப்படையான கேள்வி என இக்கட்டுரை வாதிடுகிறது. மதுரை வட்டாரக் காவல்முறையும், அதை எதிர்த்து 1896இல் திண்டுக்கல் பகுதியில் எழுந்த கிளர்ச்சியும் இதற்கு முதன்மைச் சான்றுகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரைச் சீமையின் பல ஊர்களில் கள்ளர் சமூகத்தவர் காவல்காரர்களாக இருந்தனர். விளைச்சலில் ஒரு பங்கோ பணமோ அவர்களுக்குக் காவல்கூலியாகச் சேரும். மாடு களவு போனால் தடம் பிடித்து மீட்டுத்தர வேண்டும். இயலாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகள் இதை மிரட்டிப் பணம் பறிக்கும் ஏற்பாடாகவே கண்டனர். அதில் உண்மை இல்லாமலில்லை. காவல்கூலி தராத வீட்டின் மாடு காணாமற்போவதும், துப்புச் சொல்வதற்கான துப்புக்கூலி கைமாறியதும் அது எங்கோ கட்டிக்கிடந்ததாகத் திரும்பி வருவதும் குடியானவர்கள் அறிந்த கதைதான். ஆனால் ஈடு என்ற கடப்பாட்டுக்கு அந்த அதிகாரிகள் உரிய கனம் தரவில்லை. பறிகொடுத்தவர் யார் வாசலில் போய் நின்று கேட்பது என்பதில் அன்று ஐயமே இருக்கவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சென்னை மாகாணப் போலீசிடம் அப்படிக் கேட்க வழியில்லை. திருடன் பிடிபடலாம், தண்டனையும் பெறலாம்; மாட்டுக்கு ஈடு தருவது போலீஸ் ஸ்டேஷனின் வேலையன்று.

1896இல் கோனார்களும் பிற உழுகுடிகளும் பொதுநிதி திரட்டிக் காவலைத் தம் கையில் எடுத்தனர். ‘பண்டு’ என்று ஊரார் சொன்ன அந்த நிதியே கிளர்ச்சிக்கும் பெயரானது. மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கூலியும் கொடுத்து மாட்டையும் இழந்தவர்களின் நியாயம் அதில் இருந்தது. ஆயினும் காவல்காரரை நீக்குவதோடு அது நிற்கவில்லை. கள்ளர் குடும்பங்கள் விரட்டப்பட்டன, வீடுகள் எரிந்தன. எவர் திருடினார் என்ற விசாரணை போய், திருடும் சாதி எது என்ற தீர்ப்பு முந்திக்கொண்டது. இழந்தவருக்கு ஈடு தருவதைவிட, ஆகாதவரை அப்புறப்படுத்துவதே காவலின் பொருளாயிற்று.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் அதே தீர்ப்பை அரசாணையாக்கியது. கிளர்ச்சியே சட்டத்தைப் பெற்றெடுத்தது என்பது மிகை. சட்டத்தின் வேர் 1871இல் வடஇந்தியாவில் இருக்கிறது. இரண்டுக்கும் தருக்கம் ஒன்று என்பதே என் வாதம். அச்சட்டத்தின்கீழ், கள்ளரில் ஒரு பிரிவினரான பிரமலைக் கள்ளர் மீது சுமத்தப்பட்ட கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் உயிரிழந்ததாக அவ்வூர் நினைவுகூர்கிறது.

அந்நியரைக் கண்காணிக்காமலே கூட்டுக்காவல் நடத்த முடியுமா? இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு முடியும் என்று காட்டியது. அங்கிருந்த 2,280 வீடுகளில், 1980களின் நடுவில், நூறு வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 திருட்டுகள் நடந்தன. ஒருமுறை திருட்டு நடந்த வீடே மீண்டும் குறிவைக்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டனர். எனவே பறிகொடுத்த வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரிடம் அந்த ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் திருட்டு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. திருடரை ஈர்த்த, காசு போடும் மின்சார, எரிவாயு மீட்டர்களும் அகற்றப்பட்டதால், முழுப்பெருமையும் அண்டைவீட்டாருக்குச் சேராது. ஆனாலும் இழந்தவரை மையமாக வைத்த காவல் எவரையும் ஊரைவிட்டு விரட்டத் தேவைப்படவில்லை.

1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இன்னொரு திசையில் போனது. தன்னார்வலர்கள் காவலருக்குத் துணைநின்றனர். பதில் சொல்ல வேண்டியதும் காவலருக்கே. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையால் இறந்தபோது தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது, அமைப்பு மறுத்தது. சிபிஐயின் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் காவல்துறையினரே. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூலையில், அரசு அமைப்பைத் தடைசெய்துவிட்டது. தடை அவசரமாக வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தன்னார்வலர்களைக் கேள்வி கேட்க ஊராருக்கு ஒரு வழி இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. கிராம விழிப்புணர்வுக் குழுவோ, தெருமுனைக் கேமராவைப் பராமரிக்கும் குடியிருப்போர் நலச்சங்கமோ எதுவானாலும், பறிகொடுத்தவருக்கும் சந்தேகிக்கப்பட்டவருக்கும் விளக்கம் கேட்கும் உரிமையை விதியாக எழுதித்தராத எந்த அமைப்புக்கும் காவல் அதிகாரத்தில் பங்கு தரலாகாது.