மண்ணெண்ணெயில் ஓடிய மோறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் மோறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம் இத்தனை காலம் நிலைத்தமைக்கு எம்மவரின் சிக்கனமே காரணம் என்பர். அது பாதி உண்மை. மீதியை அறிய 1990 ஜூன் மாதத்திற்குச் செல்லவேண்டும். இரண்டாம் ஈழப்போரைத் தொடர்ந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகங்கள் யாவும் அரிதாகின. மின்சாரமும் நின்றது. பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத்தொடங்கின.

1952 முதல் மைனரில் பொருத்தப்பட்ட 803 சீசீ ஏ வரிசை எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7.2 மட்டுமே. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அது சகித்துக்கொண்டது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து சம்ப்பில் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. இந்த எஞ்சினோ பிறவியிலேயே ஒழுகும் இனம். பிரதான சுழல்தண்டின் பின்முனையில் றபர் சீல் கிடையாது. ஒயிலை உள்ளே திருப்பும் திருகுவரி மாத்திரமே உண்டு. ஒழுகிய ஒயில் கிளச்சை நனைக்கும். எஞ்சினைத் தாங்கும் றபர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

1993 இல் எமது மைனருக்கும் அதுவே நேர்ந்தது. ஒழுங்கையில் ஓடக்கூடிய கார் அது ஒன்றுதான். அடுத்த வீட்டிலோ நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். அயலிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவர் வேப்பங்கொப்பில் செயின் புளொக்கை மாட்டி எஞ்சினைத் தூக்கினார்.

"தம்பி, தொங்குற எஞ்சினுக்குக் கீழை கையும் வைக்காதையும், காலும் வைக்காதையும்" என்றார்.

கடைகளில் கஸ்கற் இல்லை. தடித்த மட்டையை உலோக விளிம்பின்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித்தட்டி வடிவத்தை வெட்டியெடுத்தார். பழைய ஹெட் கஸ்கற்றையே துடைத்து மீண்டும் போட்டார். அக்காலக் கஸ்கற்றுகளில் செப்புத் தகட்டின் நடுவே அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசின் ஆபத்தை இன்று அறிவோம். அன்று வாயால் ஊதித் துடைத்தோம். ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடி விசையில், நடுவிலிருந்து வெளிநோக்கி இறுக்கவேண்டும். அளவுகோல் அவருடைய மணிக்கட்டுத்தான்.

கடினமானது எஞ்சினை மீளப் பொருத்துவதே. கியர்பெட்டியின் தண்டு கிளச் தட்டினுள் நேராக நுழையவேண்டும். எஞ்சினின் பாரம் அதில் விழுந்தால் தட்டு வளைந்துவிடும். தாங்கு றபர்களின் போல்ற்றுகள் அனைத்தையும் தளர்வாக மாட்டி, எஞ்சின் தானாக அமர்ந்த பின்னரே இறுக்கினார். ஊறிப்போன றபர்களுக்குப் பதிலாக லொறி ரயரில் வெட்டிய துண்டுகள். இருட்டியதும் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. பெற்றோல் விடும்போது அதை வேலிக்கப்பால் கொண்டுபோகச் சொன்னார்.

மூன்றாம் நாள் நள்ளிரவில் அடுத்த வீட்டார் வந்து தட்டினர். நெடுநேரம் சுழற்றிய பின்னரே எஞ்சின் இயங்கியது. ரயர் துண்டுகளின் உபயத்தால் கார் முழுவதும் அதிர்ந்தது. பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. விடிந்து திரும்பியபோது மெக்கானிக் முற்றத்தில் காத்திருந்தார். தாயைப்பற்றி விசாரித்துவிட்டு, குனிந்து காரின் கீழே மணலைப் பார்த்தார். மூன்று துளி ஒயில் கிடந்தது.