செங்கைச் சீமையின் ஆதிமக்கள்

1492-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரையிறங்கிய கொலம்பஸ், தாம் ஆசியாவின் கீழ்த்திசைத் தீவுகளை எட்டிவிட்டதாகவே எண்ணினார். அங்கே கண்ட மக்களை ‘இந்தியர்’ என்றழைத்தார். அந்தப் பிழைப்பெயர் நிலைத்துவிட்டது. நம் நூல்களில் அவர்கள் ‘செவ்விந்தியர்’ ஆயினர். அவர்களுடைய நிலம் பறிபோன வரலாற்றை நம் பிள்ளைகளும் படிக்கின்றனர். ஆனால், செங்கற்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் நம் பக்கத்திலேயே வாழும் ஆதிமக்களின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இருளர் எனப்படும் அம்மக்களை இவ்வட்டாரத்தில் வில்லியர் என்றும் அழைத்தனர். கிழங்கு அகழ்தல், தேனெடுத்தல், மூலிகை சேகரித்தல், எலி பிடித்தல் ஆகியவை அவர்களுடைய பழந்தொழில்கள். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவர். சேலைகளால் கூடாரம் அமைத்துத் தங்கி, தங்கள் தெய்வமாகிய கன்னியம்மனை வணங்குவர். திருமணங்களும் அம்மணலிலேயே நிகழும்.

காடு அவர்களுக்குக் களஞ்சியமாக இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் அந்தக் களஞ்சியத்தின் கதவை அடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காட்டில் நுழைவதற்கே அரசின் அனுமதி தேவைப்பட்டது. பின்னர்ப் பாம்புத் தோல் வாணிகம் பெருகியபோது, பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தனர். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பையும் நிறுத்தின. பாம்பினம் காக்கப்பட வேண்டியதே. ஆயினும் அதைப் பிடித்து வாழ்ந்தவனுக்கு மாற்றுவழி என்ன?

அந்த வினாவுக்கு விடையாக 1978-இல் தோன்றியது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணைநின்றார். வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம், ஆண்டுதோறும் அரசின் அனுமதி பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினையும் பிடிக்கின்றது. அவற்றை மண்பானைகளில் வைத்துப் பேணி, சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். உலர்த்திய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கின்றது. அங்கே அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்தைத் தயாரிக்கின்றனர். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. வயலில் கடிபட்டு மருத்துவமனையில் பிழைத்தெழும் உழவன், தன் உயிருக்கு இருளரின் கைத்திறனும் காரணமென்று அறிவதில்லை.

இக்கைத்திறன் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில், வளர்ப்புப் பிராணியாக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள் பெருகி ஏனைய விலங்குகளை அழித்து வந்தன. 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர் அங்கே அழைக்கப்பட்டனர். தடம் பார்த்து, புதர் நோக்கி, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். அதே சதுப்பு நிலத்தில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் படையுடன் மூன்று போர்களைக் கண்ட செமினோல் மக்களில் எஞ்சியோர் புகலடைந்து, இன்றளவும் வாழ்கின்றனர். கொலம்பஸ் பிழையாக இட்ட பெயருக்கு உண்மையிலேயே உரிய இந்தியர் இருவர், ஆதிமக்களின் அந்நிலத்துக்கு வழிகாட்டிகளாகச் சென்றது வரலாற்றின் விந்தையன்றோ! 2023-இல் நம் அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

விருது வந்தது மெய்; சமூகத்தின் துயர் தீர்ந்துவிடவில்லை. கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இருளர். சில ஆயிரம் ரூபாய் முன்பணம் ஒரு குடும்பத்தையே கட்டிப்போடுவதற்குக் காரணம், திரும்பிச் சென்று ஊன்றி நிற்க அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாமையே. காட்டின் ஒவ்வொரு வேரையும் அறிந்தவர்கள், பட்டா என்னும் ஒரு தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக நடக்கின்றனர்.

தொலைதூரத்துச் செவ்விந்தியருக்காக இரங்குவது நல்ல மனத்தின் அடையாளம். அந்த இரக்கம், நம் ஊர் ஏரிக்கரைக் குடிசையில் வாழும் இருளர் பிள்ளைக்குச் சாதிச்சான்றும் பள்ளியில் ஓர் இடமும் கிடைக்கத் துணைநிற்குமாயின், அதுவே முழுமை பெறும்.